மாவு பொங்கிய மலை

அக்டோபர் 3, காலை 7.10
ஆர்க்டிக் தீவு, மலையடி ஆய்வுக் குடில். மைனஸ் பதினெட்டு. ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆட்கள் இருவர். மலையை ஆராய டாக்டர் இவாஞ்சலின். சமையலுக்கும் மெக்கானிக் வேலைக்கும் செல்லக்கண்ணு, அதாவது நான். படிப்பு எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டு, இப்போதைய டாக்டர் பட்டத்துக்குச் சமம். நேற்று ஒரு வெள்ளைக்கரடி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனது.

இட்லி மாவு புளிக்கவில்லை. நான் கைவைத்துக் கரைத்தால் கல்லும் பொங்கும் என்று எங்கள் தெருவே சொல்லும். அந்தக் கைராசிக்கு இப்படி ஒரு அவமானமா! மலையில் வெதுவெதுப்பாக ஆவி வரும் வெடிப்பு உண்டு. பானையை அதில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 4, காலை 6.30
மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெடிப்புக்குள் வழிந்திருக்கிறது. வாக்கிடாக்கியில் டாக்டர்: "அண்ணாச்சி, யுகயுகமா மூடிக் கிடக்கிற மலை! உங்க வீட்டு அடுக்களையா அது?"

அக்டோபர் 9, மாலை 4.00
மலை பொங்குகிறது. பாறை இடுக்கெல்லாம் சாம்பல் நிறக் கூழ், குமிழ் குமிழாக. செத்த மீனை மோரில் ஊறப்போட்ட நாற்றம். சீச்சீ! சோறு இறங்கவில்லை. காறித் துப்பினேன், துப்பின இடத்திலும் குமிழ். ஒரு கடல்நாய் அதில் சிக்கியது. சாயங்காலம் தோல் மட்டும் மிதந்தது.

அக்டோபர் 11, பகல் 1.20
மாதிரி எடுக்கப் போன டாக்டர் இடுப்புவரை சிக்கிவிட்டார். கயிறு வீசினேன். கயிறும் கரைந்தது. இழுத்ததில் என் கையுறைக்குள்ளும் அந்தக் கருமம்.

டாக்டர்: "வலிக்கல அண்ணாச்சி. கால் இருக்கான்னே தெரியல. நாளைக்கு ஹெலிகாப்டர் வந்தா இறங்க விடாதீங்க. செருப்புல ஒரு துளி ஒட்டிப் போனாலும் ஊரெல்லாம் பொங்கிடும்."

அக்டோபர் 12, காலை 10.05
தலைக்கு மேலே ஹெலிகாப்டர். வயர்லெஸில் பைலட் துரைப்பாண்டி: "அண்ணாச்சி, டாக்டரம்மா லைன்ல வரலையே? இறங்கட்டா?"

நான்: "ஒத்தைக் கையால கரடி அடிச்சுக் குழம்பு வச்சேன்டா. அம்மா மூக்கு முட்டத் தின்னுட்டுத் தூங்குறாங்க. செத்த கரடியோட சொந்தக்காரங்க பழிவாங்க வாசல்ல நிக்குதுக. இறங்கினா உன்னையும் கடிக்கும்."

"நீங்க திருந்தவே மாட்டீங்க! மேகமும் கூடுது, அடுத்த மாசம் வாறேன்."

போய்விட்டான். என் ஆயுசில் இவ்வளவு சப்பையாக நான் புளுகியதே இல்லை.

அக்டோபர் 12, காலை 10.40
டாக்டர் வாக்கிடாக்கியில் பேச்சில்லை. குமிழ் உடையும் சத்தம் மட்டும். கையுறை கழலவில்லை. உள்ளே விரல்கள் உப்புகின்றன. குமட்டுகிறது.

காலை 11.00
குமட்டல் நின்றுவிட்டது. கதவடியில் கூழ் நுழைகிறது. என்ன வாசனை! வாயெல்லாம் எச்சில். துரைப்பாண்டி பாவம், பசியோடு போயிட்டான். அதிக தூரம் போயிருக்க மாட்டான்.

வயர்லெஸ் எட்டும் தூரத்தில்தான் இருக்கான். கூப்பிட்டுட்டேன்.

திரும்பி வாறானாம்