மிச்சம் ரெண்டு பேர்

ஜூன் 3
இன்று முதல் கம்பெனி வேன். தையல் பிரிவில் நாங்கள் அறுபத்திரண்டு பேர். வேனுக்குப் பன்னிரண்டு என்று வகுத்து, ஐந்து வேன் போதும் என்று முடித்துவிட்டார் சூப்பர்வைசர். கடைசி மிஷின்கள் என்னுடையதும் என் தோழி நெட்டையுடையதும். வெளியே வருவதற்குள் ஐந்தும் நிரம்பிவிட்டன.
"ரெண்டு பேர்தானே மிச்சம், விடுங்க. நடந்து போயிடுவாங்க." டிரைவரிடம்தான் சொன்னார், எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 4
இன்றும் நடை.

ஜூன் 11
நெட்டையை பைக் இடித்துவிட்டது. நெடுஞ்சாலை ஓரம், என் கண் முன்னால். முழங்கால் நொறுங்கிவிட்டது.
"ஓரமா நடக்கத் தெரியாதா அவளுக்கு?" என்கிறார் சூப்பர்வைசர். பாவி.

ஜூன் 19
பெட்டிக்குப் பன்னிரண்டு சட்டை. இன்று இரண்டு மிஞ்சின. "இன்னொரு பெட்டி போடுங்கம்மா, கசங்கிடப் போகுது" என்கிறார் அதே ஆள். சட்டைக்குப் பெட்டி உண்டு. எங்களுக்கு? — வயிறு எரியுது. விடமாட்டேன் உன்னை.

ஜூலை 8
நெட்டைக்குக் கால் இனி முழுதாக மடங்காதாம்.
புதுக் கட்டடத் திறப்பு விழாவில் சூப்பர்வைசரை மேனேஜராக அறிவிக்கப் போகிறார்களாம். விழாவுக்குப் போக வேன் ஏற்பாடு என் தலையில்.
"எத்தனை வேன் சார்?"
"வழக்கம்போல அஞ்சு."
நெட்டை இல்லாமல் அறுபத்தொரு பேர். அவரும் வந்தால் மறுபடி அறுபத்திரண்டு. தன்னைச் சேர்க்க மறந்துவிட்டார். நான் ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

ஜூலை 12
இன்று விழா. எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டு கேட்டில் நின்றேன். அவர் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.
"வேன் எங்கம்மா?"
"போயிடுச்சு சார். ரெண்டு பேர்தானே மிச்சம், விடுங்க. நடந்து போயிடலாம்."
புரிந்துவிட்டது அவருக்கு. போனில் எந்த வண்டியும் சிக்கவில்லை. நடந்தார். அதே நெடுஞ்சாலை. நானும் பின்னாலேயே நடந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியதை வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன்.
போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காக்கவைத்த கோபத்தில், முதலாளி பேக்கிங் பிரிவு அக்காவை மேனேஜராக அறிவித்துவிட்டாராம்.
இனிக்கிறது. இனிக்கத்தான் செய்கிறது.

ஜூலை 15
அக்கா ஆறாவது வேன் போட்டுவிட்டார். அதில் நான் ஒருத்திதான்.
நெட்டை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "வேன் படி உயரமாடி?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 16
ஏறும்போது பார்த்தேன். முழங்கால் உயரம் இருக்கிறது.