மலாவியும் பூங்காவனத்தின் படுதாவும்

என் கண்ணு லூர்து,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. கல்லறைக்கு வரும்போதெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்ல இந்தச் செங்கல்பட்டில் எனக்கு ஆள் இல்லை. உன் அண்ணன் உயிரோடு இருந்தால்கூட அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். சிரிப்பார்.

தபால் ஆபீஸில் வருடக்கணக்காக முத்திரை குத்திய கை இது. அவர் போன அன்றுகூட ஒரு வரி எழுதாத கை. செவ்வாயிலிருந்து பேனாவைத் தேடுகிறது.

இதை நம் பங்குக் கோயிலின் மாத இதழில் போடச் சொல்லப்போகிறேன், என் பெயரை மறைக்காமல். என்னைப் போல வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்று பெட்டி கட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் படிக்கட்டும்.

நினைவிருக்கிறதா? நீ படுத்த படுக்கையாக இருந்தபோது, ஒரு மாலை உனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னேன். நீ ஆப்பிரிக்காவில், மலாவியில், நர்ஸாக இரண்டு வருடம் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தாயே, அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாமே, நான் ஒரு வருடம் போய் அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று. நீ கட்டிப்பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

"உங்கள யாரு அண்ணி கேட்டாங்க?" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. "கேக்கணுமா? என் இங்கிலீஷுக்கு இன்னாடி கொறச்சல்?" என்றேன். கோபம் வந்தால் எனக்கும் அப்பன் வீட்டுப் பேச்சுதான் வருகிறது.

நீ இருமிக்கொண்டே சிரித்தாய். கிளம்புவதற்கு முன்னால் அங்கிருந்த டாக்டருக்கு மூன்று கடிதம் போட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பதிலுக்காக ஒரு வருடம் காத்திருந்ததைச் சொன்னாய். "கேக்காம போனா நான் நர்ஸு இல்ல அண்ணி. சோத்துக்கு இன்னொரு ஆளு, அவ்ளோதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாய். "சரி, மொதல்ல பீச்சுல மாலை விக்கற நம்ம கஸ்தூரி ஆளுங்களுக்கு மூணு மாசம் சொல்லிக் குடுங்க. அப்புறம் பாக்கலாம்."

மலாவிக்குத் தொண்டு செய்ய ஆட்களை அனுப்பும் அமைப்பும் அதையேதான் கேட்டது. அறுபது தாண்டியவர்கள் உள்ளூரில் மூன்று மாதம் பாடம் நடத்தியிருக்க வேண்டும். பாடம் கேட்டவர்களே ஒரு படிவத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்ன என்று நினைத்தேன்.

செவ்வாய், வியாழன், சனி. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரத்தில் இறங்குவேன். கடற்கரைக்குப் போகும் பாதையில் சிப்பி மாலையும் தொப்பியும் மாங்காய்ப் பத்தையும் விற்கிற, கஸ்தூரியோடு சேர்த்து ஏழு பெண்கள். நீ காலில் முள் எடுத்து, புண்ணுக்கு மருந்து கட்டினாயே, அவர்கள்தான். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து, இரண்டு மணிக்கு உட்காருவார்கள். என்னை 'மிஸ்' என்று கூப்பிடச் சொன்னேன்.

எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே சொல்லிக்கொடுத்தேன், லூர்து. வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர் மகள் நான். கன்னியாஸ்திரிகள் என் நாக்கைத் திருத்தினார்கள். அந்த நாக்குதான் எனக்குத் தபால் ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது. அதனால் அந்த நாக்கு யாருக்கும் எதையும் செய்யும் என்று நம்பினேன். 'தேர்ட்டி த்ரீ' என்று சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு வெளியே தெரிய வேண்டும் என்று ஒரு வாரம். 'மே ஐ ஷோ யூ திஸ் நெக்லஸ், மேடம்?' என்று இரண்டு வாரம்.

பூங்காவனத்துக்கு முன்பல் இரண்டு கிடையாது. என் வயதுதான் இருக்கும். அவளை எழுப்பி நிற்க வைத்து, "டங், டங்! நாக்கை வெளியே நீட்டு" என்று பத்துத் தடவை சொல்ல வைத்தேன். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். மரியாதை என்று நினைத்தேன்.

ஒருத்திகூட ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அதில் எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? பங்குத் தந்தையிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வகுப்பை முடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்விட்டேன். பையைத் துழாவினால் படிக்கிற கண்ணாடி இல்லை. கூடத்தில் வைத்துவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்தேன். கூடத்து ஜன்னலை நெருங்கும்போது என் குரல் கேட்டது.

ஆமாம், என் குரல். "லேடீஸ்! ஓப்பன் யுவர் மௌத்!" உள்ளே ஒரே சிரிப்பு. கஸ்தூரி என் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, முந்தானையைத் தோளில் இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றிருந்தாள். அச்சாக நான்தான். நான் அப்படியா நிற்கிறேன், லூர்து? நீ ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். குரல் மாறியது. "சரி, அந்தம்மா சொன்னத வுடுங்க. வெள்ளக்காரம்மா 'ஜஸ்ட் லுக்கிங்'னு சொன்னா இன்னா அர்த்தம்? வாங்க மாட்டா. பின்னாடியே போவாத. 'மே பி லேட்டர்'னா? அதுவும் வாங்க மாட்டா, ஆனா நல்லவ. அவளுக்கு மட்டும் நம்ம பேர சொல்லி அனுப்பு. 'ரிமெம்பர் மீ, கஸ்தூரி.' எங்க, சொல்லு."

மற்ற ஆறு பேரும் சொன்னார்கள். முன்பல் இல்லாத பூங்காவனமும் சொன்னாள். எனக்கே புரிந்தது. எந்த வெள்ளைக்காரனுக்கும் புரியும்.

ஒருத்தி கேட்டாள்: "இன்னும் எத்தினி நாளுடி இந்த மிஸ்ஸு கிளாசு?"

"இன்னும் ரெண்டு வாரம். அந்த பேப்பருல கையெழுத்து போட்டுட்டா வுட்டுடும். பாவம், ஃபாரின் போவணுமாம் அதுக்கு. அதுவரிக்கும் பல்ல கடிச்சிகினு குந்துங்க."

"கடிக்க பல்லு வேணுமே," என்றாள் பூங்காவனம். மறுபடியும் சிரிப்பு. அப்போதுதான் யாரோ ஜன்னலைப் பார்த்தார்கள்.



உள்ளே போனேன். கோபப்படத்தான் போனேன், மறைக்க மாட்டேன். "ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

கஸ்தூரி கண்ணாடியைத் தன் புடவையில் துடைத்து என் கையில் கொடுத்தாள். "எப்டி மிஸ்ஸு சொல்றது? இம்மாந் தூரம் பஸ்ஸுல வர்றீங்க. லூர்தக்கா வேற சொல்லிட்டு போச்சி."

"லூர்து என்ன சொன்னாள்?"

"'எங்க அண்ணி வரும். கொஞ்சம் கோவக்காரி. ஆனா மனசு நல்லது. அவங்க கேக்கற வரிக்கும் பொறுத்துக்கோங்கடி'ன்னுச்சி. நீங்கதான் ஒண்ணும் கேக்கவே இல்லையே."

பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

லூர்து, நான் தொண்டு செய்யப் போனேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்டு செய்தது அவர்கள். வாரத்தில் மூன்று நாள், வியாபாரத்தை விட்டுவிட்டு, ஒரு கிழவி விமானம் ஏற வேண்டும் என்பதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போன பிறகு, தங்களுக்கு வேண்டிய பாடத்தைத் தாங்களே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் மலாவிக்குப் போயிருந்தால்? அங்கேயும் நான் பஸ் ஏறிய பிறகு ஒருத்தி எழுந்து நின்று, அந்தம்மா சொன்னதை விடுங்கள் என்றிருப்பாளா? அங்கே கண்ணாடியை மறந்து வைத்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காதே?

இன்னும் கேள். இது வெறும் சிரிப்போடு போகவில்லை.

பாதையில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. தரையில் படுதா விரித்து ஆள் உட்கார்ந்திருக்கும் வரை அது அவளுடையது. காலியாகக் கிடந்தால் யாரும் விரித்துக்கொள்ளலாம். சண்டைக்குப் போக முடியாது, அதுதான் அவர்களுக்குள் பேச்சு. மற்றவர்களுக்கு வீட்டு ஆள் யாராவது வந்து உட்காருவார்கள். பூங்காவனத்துக்கு யாரும் இல்லை. அவள் உட்காருகிற இடம் பூவரச மரத்து நிழலில். என் வகுப்புக்கு எழுந்து வந்த மதியங்களில் வேறொருத்தி பாதி இடத்துக்குத் தொப்பி வண்டியை நகர்த்திவிட்டாள். பூங்காவனம் இப்போது பாதி உடம்பு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னும் பத்து நாளு போனா மீதியும் பூடும்," என்றாள். குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லை. மழை வரும் என்கிற மாதிரி சொன்னாள்.

அப்போதுதான் கேட்டேன். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து. "நான் என்ன செய்யட்டும்?"

"நீ ஒண்ணும் பேசாத," என்றாள் பூங்காவனம். அதுவரை 'மிஸ்ஸு' என்றவள் அன்றுதான் முதல் தடவையாக 'நீ' என்றாள். "கஸ்தூரி கிளாசு எடுக்கட்டும், நல்லாத்தான் எடுக்குறா. நீ அந்த டைமுல எம்படுதாவுல வந்து குந்து. உன் மூஞ்சிய பாத்தா ஒருத்தியும் வண்டிய நவுத்த மாட்டா."

படிவத்தை அன்றே எடுத்து வைத்தேன். கையெழுத்துக்குக் கெஞ்சவில்லை, ஆனால் இத்தனை நாள் உட்கார்ந்தவர்களுக்கு எழுதும் உரிமை உண்டு. கஸ்தூரி பேசுவாள், எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நேரத்துக்கு வருவாங்க. ஒரு நாளும் லேட்டு கெடையாது. பாடம் எங்களுக்கு ஒதவல." அங்கே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "எழுதுங்க மிஸ்ஸு, பரவால்ல. இன்னொண்ணு கீது. 'சொன்னா கத்துக்குவாங்க.'"

அப்படியே இங்கிலீஷில் எழுதினேன், ஒரு சொல்லைக்கூட மெழுகவில்லை. நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள், மூன்று பேர் ரேகை வைத்தார்கள். நான் தேர்வு எழுதி வாங்கிய எந்தச் சான்றிதழிலும் அந்தக் கடைசி வரி மாதிரி ஒரு வரி இல்லை.

நேற்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கடிதம்: இந்த வருடம் நான் வரவில்லை, அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்று தயவுசெய்து கேட்டு எழுதுங்கள், அது என்னிடம் இருந்தால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை என்று.

இன்று வியாழன். இரண்டு மணிக்குப் பூவரச மரத்தடிக்குப் போனேன். கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு படுதாவில் உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது, முழங்கால் முனகியது. போகிறவர்கள் வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு போனார்கள். நான் வாயே திறக்கவில்லை, ஒரு பெண் "நோ, நோ" என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். என்னைப் பார்த்து! திகைத்துப்போனேன். அவர்கள் தினமும் இதைத்தான் வாங்கிக்கொள்கிறார்களா? இதற்கு நடுவிலா நான் நெக்லஸ் மேடம் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்?

தொப்பி வண்டிக்காரி என்னை இரண்டு தடவை பார்த்தாள். நானும் பார்த்தேன். கவுன்ட்டரில் வரிசையை மீறுகிறவர்களைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை. வண்டி ஓரடி பின்னால் போனது. நிழல் படுதாவின் மேல் முழுதாக விழுந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் வந்து நின்றாள். சிப்பி மாலை ஒன்றைத் தொட்டுப் பார்த்து, இதைச் செய்தது நீங்களா என்று இங்கிலீஷில் கேட்டாள். பூங்காவனம் பேசாதே என்று சொல்லியிருந்தாள். ஆனாலும் என் கான்வென்ட் இங்கிலீஷை முழுக்க எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் இருக்க, பதில் சொன்னேன். "இல்லை. இதைச் செய்த அம்மா வகுப்பில் இருக்கிறார். மூன்று மணிக்கு வருவார். தயவுசெய்து காத்திருங்கள்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மர நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், லூர்து. காத்திருந்தாள்.

பூங்காவனம் அந்த இடத்தில் வியாபாரம் செய்கிற காலமெல்லாம் செவ்வாய், வியாழன், சனி மதியம் அது காலியாக இருக்காது. மலாவியிலிருந்து கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் இதை உனக்கு வாக்காகக் கொடுக்கிறேன். வந்தால் முதலில் கஸ்தூரியிடம் படித்துக் காட்டுவேன். அவள் போகலாம் என்றால்தான் பெட்டியை எடுப்பேன்.

நீ சொன்ன கோவக்காரி,
இப்போதுதான் கேட்கக் கற்றுக்கொண்ட உன் அண்ணி,
ரெஜினா