மூடினால் படித்ததாகுமா?

மார்ச் 3
பாடம் முழுவதையும் நான் அடிக்கோடிடச் சொன்ன ஒரு நாள், ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "எல்லாமே முக்கியம்னா எதை சார் படிக்கிறது?" சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று மருத்துவமனைக் கூட்டத்தில் கணினிப் பிரிவு அதிகாரி, "ஒண்ணு விடாம எச்சரிக்கிறோம் சார்" என்று பெருமை பேசியபோது அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மருந்து எழுதும்போது ஆபத்து இருந்தால், திரையில் ஒரு பெட்டி தோன்றி மருத்துவரை எச்சரிக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் குழுவில் நோயாளிகள் தரப்பில் நான். போன வருடம் என் மனைவிக்குச் சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி வந்ததாம். மருத்துவர் மூடிவிட்டாராம். பதினொரு நாள் படுத்த படுக்கை.

கணினிப் பிரிவின் அறிக்கை சொல்கிறது: 98 சதவீத எச்சரிக்கைகள் கவனிக்கப்பட்டன. எப்படித் தெரியும் என்றேன். "மூடினா கவனிச்சதாத்தானே சார் அர்த்தம்?" என்றார் அதிகாரி.

அப்படியென்றால் என் மனைவியும் அந்த 98-க்குள்! என்ன துணிச்சல்!

மார்ச் 4
கோபம் ஆறவில்லை.

மார்ச் 6
வார்டில், போன வருடம் அந்தப் பெட்டியை மூடிய அதே டாக்டரம்மா பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்தேன். திட்டத்தான் போனேன். ஒரே காலையில் அறுபத்து மூன்று பெட்டிகள். 'நோயாளிக்கு வயது அறுபதுக்கு மேல்' — எதிரே படுத்திருக்கிறாரே, தெரியாதா? 'இதே மருந்து நேற்றும் தரப்பட்டது' — தந்ததே இவர்தான்! எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே அளவு. அவர் படித்தவை நான்கு.

"எல்லாத்தையும் படிச்சா கடைசிக் கட்டிலுக்குப் போறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும் சார்." பிறகு தலை நிமிராமல், "உங்க வீட்டம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

திட்டாமலே, எண்ணிக் குறித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

மார்ச் 10
கூட்டத்தில் அந்த அறிக்கைக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டால் எல்லா வார்டுக்கும் இதே பெட்டிகள். ஜூனில் மனைவிக்கு அங்கேதான் முட்டி அறுவை. மாட்டேன் என்றேன்.

"நாங்க காட்டினோமா இல்லையா சார்?" என்றார் அதிகாரி. வந்ததே ஆத்திரம்! "காட்டிட்டா போதுமாய்யா? முப்பத்திரண்டு வருஷம் நான் நடத்தினதுக்கா மார்க் போட்டேன்? பிள்ளைங்களுக்குப் புரிஞ்சதுக்குத்தானே போட்டேன்!" அறுபத்து மூன்றில் நான்கு என்று குறித்திருந்த பென்சில் தாளை மேசையில் வைத்தேன். தலைமை மருத்துவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சது எத்தனைன்னு எண்ணிட்டு வாங்க," என்றார் அதிகாரியிடம்.

வீட்டில் மனைவி: "ரிட்டயர் ஆகியும் திருத்தறதை விடலையா நீங்க?"

ஜூன் 19
முட்டி அறுவை நல்லபடியாக முடிந்தது. இன்று அவளுக்கு வலி மருந்து எழுதிக்கொண்டிருந்த இளம் மருத்துவரின் கை நடுவில் நின்றது. திரையில் சிவப்பாக ஒரு பெட்டி. "காலையிலேர்ந்து இது ரெண்டாவதுதான்," என்று சொல்லிக்கொண்டே வரி வரியாகப் படித்தார். மாத்திரையை மாற்றினார்.

இந்த நோட்டைப் புரட்டுகிறவர் யாரானாலும் ஒன்று செய்து பாருங்கள்: உங்கள் மருத்துவர் திரையில் எதையாவது மூடும்போது, "அதுல என்ன போட்டிருந்துச்சு டாக்டர்?" என்று கேளுங்கள்.