சாமிக்குப் போடாத தழை

சம்பந்தியம்மா,

இன்று மகள் வீட்டுப் பூஜை அலமாரியைத் துடைத்தபோது, உங்கள் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தழை விழுந்தது. இலையெல்லாம் உதிர்ந்து குச்சியும் காம்பும்தான் மிச்சம். முகர்ந்து பார்த்தேன். விபூதி வாசனைக்கு அடியில் கொஞ்சம் காட்டு வாசனை இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

கூடத்தில் நம் பேத்தி பை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளோடு கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து மலையேறப் போகிறார்கள். காட்டிலேயே கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். அந்தக் கூட்டத்துக்கு இவள்தான் தலைவி. வழி தப்பினால் என்ன செய்வது, தண்ணீர் தீர்ந்தால் என்ன செய்வது என்று எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினாளாம். பாகலூர் சந்தையில் பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்தி இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் போய்ச் சொல்லியிருப்பீர்கள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதுதானே நாம் அந்தக் காட்டுக்குப் போனோம்? மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், என் பிறந்த ஊர்க் காட்டுச் சாமிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தேன். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. தெற்கத்திப் பிள்ளைக்கு இங்கே ஒரு சாமியா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வேனில் ஏறினீர்கள். நம் பிள்ளைகள் ஒரே கம்பெனியில் பழகி, அவர்களாகவே பேசி முடித்த கல்யாணம். நமக்குள் மரியாதை இருந்தது, ஒட்டுதல் இல்லை. நான் கட்டி எடுத்து வந்த ராகிக் களியைப் பார்த்து, "இதை வெச்சு செவரு கட்டலாம் போலயே" என்றீர்கள். கல்யாணத்தில் நீங்களும் உங்கள் ஊர்ப் பெண்களும் குலவை போட்டபோது, என் தம்பி காதைப் பொத்திக்கொண்டு யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டதை நீங்கள் மறந்திருக்கவில்லை.

காட்டு வாசலில் ஒரு கல் சாமி. உள்ளே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு தழை ஒடித்து அதன் மேல் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் பின்னால் வந்ததால் போடாமல் தாண்டிவிட்டீர்கள். திரும்பும்போது போடலாம் என்றேன். அதற்கே உங்கள் முகம் மாறிவிட்டது. யானை வருமா என்று சத்தமாகக் கேட்டீர்கள். காட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, பெரியவர் என்று சொல்லுங்கள் என்றேன். "எந்தப் பெரியவரு, உங்க தம்பியா?" என்றீர்கள். முன்னால் போன தம்பி திரும்பிப் பார்த்து முறைத்தான்.

தம்பியும் மற்றவர்களும் குழந்தையோடும் பொங்கல் பானையோடும் வேகமாகப் போய்விட்டார்கள். உங்களுக்கு மூச்சு வாங்கியதால் நாம் இருவரும் பின்தங்கினோம். எங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர்கள் ஒரு தழையை வைத்து அதன் மேல் கல்லை வைப்பார்கள். நுனி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை உங்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

காலில் தைத்த முள்ளை எடுக்க நான் உட்கார்ந்தேன். நீங்கள் பத்தடி முன்னால் போய்விட்டீர்கள். நான் வந்து பார்த்தபோது பிரிவில் தழை இல்லை. தம்பி மறந்திருப்பான் என்று நினைத்து, பழைய ஞாபகத்தில் இடது பக்கம் கூட்டிப்போனேன். வெயில் சாயும்வரை நடந்தோம். கோயில் மணியும் கேட்கவில்லை, பொங்கல் புகையும் தெரியவில்லை. இது தெரியாத இடம் என்று நான் சொன்னபோது, நீங்கள் முந்தானையிலிருந்து ஒரு தழையை எடுத்துக் காட்டினீர்கள்.

"யாரோ கல்லு வெச்சு சாமிக்குப் போட்டது, வழியில கெடந்துச்சு. காலு படுமேன்னு எடுத்து வெச்சிருக்கேன். திரும்பும்போது அந்தக் கல்லு சாமிக்குப் போட்டுர்றேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வழி சொன்ன தழை உங்கள் மடியில் இருந்தது. விவரத்தைச் சொன்னதும் நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

என் அம்மா சொல்வாள்: "வழி தப்புனா காலுதான் மொதல்ல பயப்படும். அதை உக்கார வை, மனசு தானா உக்காரும்." உங்களை ஒரு பாறை மேல் உட்கார வைத்தேன். காட்டில் தீ பரவிவிடக் கூடாது என்று பாறை மேலேயே சுள்ளி மூட்டி, பச்சை இலை போட்டுப் புகை எழுப்பினேன். கீழே ஓடை இருந்தது, ஆனால் சாயங்காலம் அங்கே பெரியவர்கள் இறங்குவார்கள். என் பாட்டில் எப்போதோ காலி. நீங்கள் உங்கள் பாட்டிலை நீட்டினீர்கள், பாதிக்கு மேல் இருந்தது. "தண்ணி இருக்கும்போதே இல்லன்னு நெனைச்சுக்கணும். எங்க ஊருல பிள்ளைகளுக்கே தெரியும்" என்றீர்கள். களியைப் பிட்டுக் கொடுத்தேன். செவரு கட்டாமல் தின்றீர்கள், விரலையும் நக்கினீர்கள்.

காற்று புகையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் சுள்ளி போடுவதையும் விட்டு உட்கார்ந்துவிட்டதை நீங்கள் பார்த்தீர்கள். என் காடு என்று அவ்வளவு பெருமை பேசியவள். எழுந்து, தலைமுடியை முடிந்துகொண்டு, வாயருகே கை வைத்துக் குலவை போட்டீர்கள்.

அந்தச் சத்தம் மரத்தில் முட்டி, பாறையில் முட்டி, மலைக்கு அந்தப் பக்கம் போனது. பறவையெல்லாம் கிளம்பின. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி போட்டீர்கள். எத்தனை தடவை போட்டீர்களோ. கடைசியில் தம்பியின் கூப்பாடு பதிலாகக் கேட்டது. இந்தக் காட்டில் இப்படிக் கத்த ஒரே ஒரு ஆள்தான் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தானாம். அன்றைக்கு அவன் காதைப் பொத்தவில்லை.

ஊர் ஆட்கள் டார்ச்சோடு வேறு குறுக்கு வழியில் நம்மை வெளியே கூட்டி வந்தார்கள். கல் சாமி இருந்த பக்கமே போகவில்லை. தழை உங்கள் முந்தானையிலேயே வீடு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் கேட்டீர்கள், "தழை பாக்கி இருக்கு சம்பந்தி, எப்பப் போறோம்?" மழை விடட்டும் என்றேன். பெரியவர் நடமாட்டம் என்றேன். அப்புறம் முட்டி வலி. பொய் எதுவும் இல்லை, ஆனால் மனசு வைத்திருந்தால் ஒரு வருஷம் போயிருக்கலாம். எனக்குக் குலவை சொல்லித் தருகிறேன் என்றும் கூப்பிட்டீர்கள். நாக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சம். நம் பேத்தி உங்களிடம் கற்றுக்கொண்டாள். போன மார்கழியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து மறுபடி கேட்டீர்கள். தை பிறக்கட்டும் என்றேன். தை பிறந்தது. நீங்கள் இல்லை.

காட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர அம்மா இருந்தாள். கூட இருந்தவர் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை.

பேத்தி பையில் விசில் வைக்கவில்லையே என்று கேட்டேன். "அப்பத்தா குலவை இருக்கே ஆயா" என்றாள். தழையை அவளிடம் கொடுத்துவிடலாமா, போகிற வழியில் எந்தச் சாமிக்காவது போடட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பை வரைக்கும் கொண்டுபோனேன். அப்புறம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது நாம் இருவரும் சேர்ந்து போட வேண்டியது. இனி நான் ஒருத்தியாகப் போடவும் முடியாது, வேறு யார் கையிலும் கொடுக்கவும் முடியாது.

இப்போது அது என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. முன்னால் போகிறவர்கள்தானே தழை வைத்துவிட்டுப் போக வேண்டும், சம்பந்தியம்மா? நீங்கள் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. இதில் எது நுனி என்றுதான் தெரியவில்லை.