படத்தில் பார்த்த மருமகள்

மில்வாக்கி,
ஜனவரி 12

என் வீட்டுக்காரர் லாவ் மெங் அவர்களுக்கு, ருய்ஜென் எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். அங்கே ஷென்யாங்கில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பால்கனி ஜாடியில் ஊறுகாய் போட்ட முட்டைக்கோஸ் பதமாகப் புளித்திருக்கும், எடுத்துச் சாப்பிடுங்கள்.

போனில் மகன் ஹைபோவின் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். எதையும் பாதி படித்துவிட்டு வைக்க உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியாதா என்ன?

விமான நிலையத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். அமெரிக்கப் படங்களில் சந்தித்த உடனே கட்டிப்பிடித்துக்கொள்கிறார்களே என்று, கூச்சத்தை விட்டு மருமகள் நோராவை அணைக்கப் போனேன். அவளோ நம் சீனப் படங்களைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறாள். அதே நொடியில் குனிந்து வணங்கினாள். அவள் நெற்றி என் மூக்கில் இடித்தது. வீங்கிய மூக்கோடுதான் மகன் வீட்டுக்குள் நுழைந்தேன்.

மறுநாள் காலை மண்டியிட்டுத் தேநீர் நீட்டினாள். கல்யாணத்தன்று செய்கிற சடங்கைத் தினமும் செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். மாமியார் என்றால் கன்னத்தில் அறைவாள் என்றும் பயந்தாளாம். நாம் மட்டும் என்ன? இவர்கள் பெற்றவரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு விருந்து சாப்பிடுகிற கூட்டம் என்று குறுந்தகடு பார்த்துத்தானே தீர்ப்புச் சொன்னோம்! இவள் வாரம் தவறாமல் தன் அப்பாவுக்கு சூப் கொண்டுபோகிறாள். அவர்தான் மகள் வீட்டில் வந்து இருக்க மாட்டேன் என்கிறார். பிள்ளைகளுக்குப் பாரமாக இல்லாமல் இருப்பதுதான் பாசமாம். அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் நல்ல பெண்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் நம் ஊர்ப் படம் ஒன்று பார்த்தோம். அப்பாவோடு சண்டை போட்டுப் போன மகன் எட்டு வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். அப்பா அவனை மேலும் கீழும் பார்க்கிறார். "இந்தக் குளிர்ல உள்ள கம்பளிக் கால்சட்டை போடல? புத்தி எங்கடா போச்சு?" என்று கத்திவிட்டு உள்ளே போகிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நோராவுக்கோ கோபம். "இத்தனை வருஷம் கழிச்சு வந்தவன திட்டுறாரே! எங்க படம்னா இந்நேரம் அப்பாவும் பிள்ளையும் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பாங்க" என்றாள். "அடி பைத்தியம், அவரு மன்னிச்சாச்சு. கதவச் சாத்தாமத்தான போறாரு!" என்றேன். எங்கள் பேச்சை அதுவரை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஹைபோ, இதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான்.

பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவாமல் நின்றான். "அம்மா, கல்யாணம் ஆனதுலேருந்து அப்பா என்னத் திட்டக்கூட இல்லையே" என்றான். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஒரே பிள்ளை நம்மைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான் என்ற உங்கள் கோபம் நியாயம்தான். நானும் அழுதவள்தானே. ஆனால் மூன்று வருடமாக நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது கோபம் என்று அவன் நினைக்கவில்லை. தன்னை மகனே இல்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு வேண்டியதைச் செய்யுங்கள். இங்கே வந்து, அவனை உட்காரவைத்து, ஆசை தீரத் திட்டுங்கள். நோரா பயந்துவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
ருய்ஜென்