குமட்டலுக்குச் சொன்ன இஞ்சி

அக்கா,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் இதைப் பஸ் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

குமட்டலுக்கு இஞ்சி கேட்கும், ஆராய்ச்சியிலேயே தெரிந்திருக்கிறது என்று நீ சொன்னாய். அவ்வளவுதான். அப்பாவுக்குத் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மருந்து படிக்கிற என் பொண்ணே சொல்லிட்டா, இனி டாக்டர் எதுக்கு?" என்று ஒரே பெருமை. வயிற்று வலிக்கும் அதே இஞ்சிச் சாறுதான். இன்று காலை அவர் போய்வந்த பிறகு கழிவறையைக் கழுவினேன். மலம் தார் மாதிரி கறுப்பு; உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "எட்டாவதோட நின்ன ஊமைக்கு வாய் வந்துருச்சா?" என்கிறார்.

ஆத்திரமாக வருகிறது. குமட்டலுக்குச் சொன்னது இதற்கு ஆகாது என்று அவருக்குப் போன் செய்து நீயே சொல். இன்றைக்கே சொல். வண்டிக்காரரிடம் நானே பேசி, வாசலில் நிற்கச் சொல்லிவிட்டேன்.

உன் தங்கை