பம்பு தேடிய பாதை

உ
செவ்வாய்க் கோள், நாள் 412. காலை 6.10
ஆவுடை எழுதுவது, கண்டெடுப்பவர் படிக்க. தொட்டிக் காற்று 91 விழுக்காடு. தண்ணீர் 340 லிட்டர். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கமும் கூட வேலைபார்க்கும் சேவியரும் பனிச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார்கள். மேலே நான் மட்டும். நேற்று ஆயுத பூஜை. பம்புக் கணினி உட்பட எதையும் பொட்டு வைக்காமல் விடவில்லை. முருகன் படத்துக்கு முன் பேட்டரி விளக்கு எரிகிறது.

உ
காலை 7.00
புழுதிப் புயலில் மின்சாரம் போய் வந்தது. சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் பம்பு மறுபடி கிளம்பவில்லை. அது ஓடாமல் சுரங்கக் கதவும் திறக்காது. கையிருப்பு சிலிண்டர்: இவருக்கு 12.10 வரை, சேவியருக்கு 12.40 வரை. திரையில் ஒரே வரி: "கோப்பு கிடைக்கவில்லை."
வானொலியில் இவர்: "ஏட்டி, பதறாத. உப்பு டப்பாவ எங்கயாது வச்சிட்டுத் தேடுவியே, அதே சோலிதான்."
சேவியர்: "மைனி, மத்தியானச் சோத்துக்கு மேல வந்துருவோம். அப்பளம் பொரிச்சு வைங்க."

உ
காலை 8.25
பம்பு நிரலுக்குள், வேறு யாரோ எழுதிய நிரல் ஒன்றைக் கம்பெனி அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறது. அந்த இரவல் நிரல்தான் கோப்பைத் தேடுகிறது. கோப்போ என் கண்ணெதிரே இருக்கிறது. சமையல் முடிந்த நேரங்களில் கையேட்டைப் படித்து நானே கற்றது இவ்வளவுதான். பூமிக்கு எழுதினேன். செய்தி போக 14 நிமிடம், வர 14.

உ
காலை 9.40
பூமியிலிருந்து: "மேடம், டெக்னிக்கல் ஆள் யாராவது இருந்தா லைன்ல வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."
டெக்னிக்கல் ஆட்கள் இருவரும் கீழே மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதையே எழுதினேன். தொடவில்லை.

உ
காலை 11.05
பூமியின் பதில்: "உங்க புகார் பதிவாயிடுச்சு."
தொட்டேன். கோப்பு கிடைக்காவிட்டால் போய்ப் பார் என்று இரவல் நிரலில் எழுதியிருக்கும் இடம், அதை எழுதியவனின் சொந்தக் கணினி. இங்கிருந்து இருபத்தைந்து கோடி கிலோமீட்டர்.
இவர், மெல்ல: "ஆவுடை, நேத்து அதுல என்னமும் செஞ்சியா?"
"பொட்டு வச்சேங்க. வேற ஒண்ணுமில்ல."

உ
பகல் 12.21
கோப்பு இருக்கும் பாதையை எழுத்தெழுத்தாக வாசித்தேன்.
திரைக்குள் பொட்டு வைக்க முடியாதே என்று, நேற்று கோப்புறைப் பெயருக்கு முன்னால் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். பம்பு எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பட்டியலிலும் கவனமாக மாற்றியிருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த பம்புக்குத் தெரியவில்லை. நின்று கிளம்பியபோது தேடியிருக்கிறது. இரவல் நிரலுக்கு ஆங்கிலம் தவிர வேறெதுவும் எழுத்தல்ல. நம் எழுத்தைப் படிக்காத ஒன்றை நம் மூச்சுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்.
சுழியை அழித்தேன். 12.24. பம்பு ஓடுகிறது.

பிற்பகல் 1.15
12.31க்கு சேவியர்: "மைனி, காத்து வருது. அண்ணாச்சி எந்திரிக்க மாட்டேங்காவ, மைனி."
பதினான்கு நிமிடம் பிந்திவிட்டேன்.
பூமி படிவம் அனுப்பியிருக்கிறது. பழுதுக்குக் காரணம் என்று ஒரு கட்டம். கம்பெனி என்று எழுதினால் நம்புவார்கள். பாதி உண்மையும்தான். கோப்புறையில் இப்போது சுவடும் இல்லை.
என் பெயரை எழுதினேன்.
விளக்கை அணைத்துவிட்டேன். இந்தக் குறிப்பின் தலையில் சுழி இல்லை. மறக்கவில்லை.